மெட்ராஸ் ஐ வரிசையில் ஒரு கைக்குழந்தை

அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அதில் இரண்டு பேர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தோம். ஒருவர் டாக்டர், இன்னொருத்தி நான். மூன்றாவது ஆள் என் மடியில் கிடந்தாள். பிறந்து இரண்டு மாதம்கூட முடியாத என் மூத்த மகள் ரேவதி. அவளுடைய இடது கண்ணைக் காட்டத்தான் போயிருந்தேன்.

டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே என்ன என்று கேட்டார். குழந்தைக்கு மெட்ராஸ் ஐ என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே சொட்டு மருந்து எழுதினார். குழந்தை பக்கம் திரும்பவே இல்லை என்று சொல்ல மாட்டேன், திரும்பினார். ஆனால் அந்தக் கண்ணாடிக்குள் அவருடைய கண் எங்கே பார்த்தது என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

என் கண் எங்கே பார்த்தது என்று அவருக்கும் தெரிந்திருக்காது. நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணைக் காட்டப் போன இடத்தில் ஒருத்தரும் கண்ணைப் பார்க்கவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு எங்களுக்கு அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

ஊரே கூலிங் கிளாஸ்

எண்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். அடைமழை தொடங்கப்போகிற மாதம். ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு வீடு. என் வீட்டுக்காரர் ராணுவத்துக்குச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினார். அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டால் "இரும்பு" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த வருஷம் மெட்ராஸ் ஐ வந்த வேகம் இருக்கிறதே, பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் சங்கு ஊதினால் சைக்கிள்கள் சாரிசாரியாகத் தொழிற்சாலை வாசலுக்குப் போகும். அதில் பாதிப் பேர் விடிந்தும் விடியாமலும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷன் வாசலில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தவர் கூடையை ஓரங்கட்டிவிட்டு கூலிங் கிளாஸ் விற்க ஆரம்பித்தார். சினிமா போஸ்டர் ஒட்டுகிறவன்கூட போஸ்டரில் இருக்கிறவன் மாதிரி இருந்தான்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மெட்ராஸ் ஐ என்றால் கண் சிவந்து, தண்ணீர் வழிந்து, காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும். மண் விழுந்தது மாதிரி உறுத்தும். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே போய்விடும். தொட்ட கை, துடைத்த துண்டு வழியாகத்தான் பரவும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அப்போது எங்களுக்குத் தெரிந்தது வேறு. வந்தவன் கண்ணை நேருக்கு நேர் பார்த்தால் வந்துவிடும்.

ஆகவே வந்தவனும் கண்ணாடி போட்டான், வராதவனும் போட்டான். யாருக்கு வந்திருக்கிறது, யார் பயந்து போட்டிருக்கிறார் என்று தெரியாமல் எல்லோரும் எல்லோரையும் விட்டு விலகி நடந்தோம். பேச்செல்லாம் தோளைப் பார்த்துத்தான்.

எங்கள் ஊரில் அது ஒரு கௌரவம்

நான் பிறந்தது சங்கரன்கோவில் பக்கம். பள்ளிக்கூடம் படிக்கிறபோது அங்கே இந்த நோய்க்குத் தனி மரியாதை இருந்தது. பெயரிலேயே மெட்ராஸ் இருக்கிறதே! மெட்ராஸுக்குப் போய் வந்தவர்களுக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

என் வகுப்பில் ஒருத்தி சிவந்த கண்ணோடு வந்து, பீச்சைப் பார்த்தேன், மாடி பஸ்ஸில் ஏறினேன், சிங்கம் பார்த்தேன் என்று கண் ஆறுகிறவரைக்கும் அளந்துவிட்டாள். அவள் கோவில்பட்டியைத் தாண்டினதே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் எனக்கு வயிறெல்லாம் எரிச்சல். நமக்கும் வராதா என்று கண்ணைக் கசக்கிக் கசக்கிக் கண்ணாடியில் பார்ப்பேன். ஆசையைப் பாருங்கள்.

கல்யாணமாகி ஆவடிக்கு வந்தேன். ஆவடியை மெட்ராஸ் என்று எங்கள் ஊரில் சொல்லிக்கொள்ளலாம். மெட்ராஸில் சொன்னால் சிரிப்பார்கள்.

எனக்கு அம்மா இல்லை. அதனால் தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போகவில்லை. இங்கேயே பெற்று, இங்கேயே குளிப்பாட்டி, இங்கேயே தடுமாறினேன். அப்போது எனக்கு எல்லாமே பக்கத்து வீட்டுப் பொற்கொடிதான்.

பொற்கொடி போட்ட சட்டம்

பொற்கொடி அம்பத்தூர் பக்கம் கள்ளிக்குப்பத்தில் பிறந்தவள். அவளைப் பெற்றவர்கள் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். கழனியெல்லாம் கம்பெனியும் மனையுமாக ஆனபோது அவளுடைய அண்ணன்மார் கம்பெனி வேலைக்குப் போனார்கள். இவள் தொழிற்சாலைக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் வரிசைக்கு வந்தாள். என்னைவிட இளையவள். ஆனால் இரண்டு பிள்ளை பெற்றவள். அந்த அதிகாரத்தில் என்னை மேய்த்தாள்.

ரேவதியின் இடது கண்ணில் பீளை கட்டினதைப் பார்த்து முதலில் பேர் வைத்தவள் அவள்தான். மெட்ராஸ் ஐ. ஊரெல்லாம் அதுதானே, வேறு என்னவாக இருக்கும்? பேர் வைத்த கையோடு சட்டமும் போட்டாள்.

"யக்கா, கொயந்த கண்ண உத்து பாக்காத. உனுக்கு வந்துச்சுன்னா அதுக்கு பால் குடுக்கறது யாரு? நானா?"

நியாயமாகத்தான் பட்டது. மறுநாளே எனக்கும் ஒரு கூலிங் கிளாஸ் வந்துவிட்டது. வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டேன். பால் கொடுக்கும்போது முந்தானையை எடுத்துக் குழந்தை முகத்தில் மூடினேன். சொட்டு மருந்து விடுகிறபோது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் குத்துமதிப்பாக விட்டேன். கண்ணில் விழுந்ததைவிடக் காதில் விழுந்தது அதிகம்.

என் வீட்டுக்காரருக்கு மெட்ராஸ் ஐ வந்தது, போனது. பொற்கொடி வீட்டில் வரிசையாக எல்லோருக்கும் வந்தது, போனது. ரேவதிக்கு மட்டும் போகவே இல்லை. மற்றவர்களுக்கு ஒரு கண்ணில் வந்து அடுத்த கண்ணுக்குத் தாவியது. இவளுக்கு இடது கண்ணோடு நின்றது. அதைப் பார்த்தாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டாமா? தட்டவில்லை. கண் திருஷ்டியோ என்றுகூட நினைத்தேனே தவிர, நோயின் பேரில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

ஆளுக்கொரு ஜில்லா

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் தமிழ்நாட்டு வரைபடமே குடியிருந்தது. ஒரு கைக்குழந்தைக்குக் கண்ணில் கோளாறு என்றால் எத்தனை ஜில்லாவிலிருந்து வைத்தியம் வரும் என்று நினைத்துப் பாருங்கள்.

சேலத்து வீட்டில் தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கண்ணில் விடச் சொன்னார்கள். தஞ்சாவூர் வீட்டில் ஐயையோ பால் புளித்து இன்னும் சீழ் பிடிக்கும் என்றார்கள். வேலூர்க்காரர்கள் நந்தியாவட்டைப் பூவை ஒற்றச் சொன்னார்கள். ராமநாதபுரத்து அம்மா, எதுவுமே செய்யாதே, கண்ணுக்கு மை வை, மை குளிர்ச்சி என்றார். மையால்தான் வந்ததே என்று சேலம் பதிலுக்குச் சண்டைக்குப் போனது. எல்லோருமே நல்லவர்கள். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவர்கள் சொன்னால் கேட்காமல் விட்டுவிடலாம்.

சரி, டாக்டர் சொல்வதைத்தான் கேட்பது என்று முடிவு செய்தேன். அதிலும் தெளிவு கிடைக்கவில்லை.

அம்பத்தூரில் குழந்தைகளைப் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருக்கிறார், கைராசிக்காரர் என்று சொன்னார்கள். பஸ் பிடித்துப் போனோம். அறைக்கு வெளியே தெருவரைக்கும் கூட்டம். உள்ளே போனதும் நானே ஆரம்பித்தேன். மெட்ராஸ் ஐ டாக்டர், வாரக்கணக்காப் போக மாட்டேங்குது என்றேன். பச்சைக் குழந்தைக்குக் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு வேறு சொட்டு மருந்தும் ஒரு களிம்பும் எழுதினார். வெளியே அத்தனை பேர் காத்திருக்கையில் அவர்மேல் என்ன குற்றம் சொல்வது?

முதல் டாக்டர் சுடுதண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைக்கச் சொல்லியிருந்தார். இவர் தண்ணீரே படக்கூடாது என்றார். அவர் கண்ணை மூடி வைக்கச் சொன்னார். இவர் காற்றாட விடச் சொன்னார். பழைய மருந்தை நிறுத்துவதா, இரண்டையும் சேர்த்து விடுவதா என்று கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு சீசாவையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். மறுநாள் அது எனக்கே பயமாக இருந்ததால் இரண்டையும் நிறுத்தினேன். அதற்கு அடுத்த நாள் நிறுத்தினது பயமாக இருந்தது.

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். இவர் எதற்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "பயப்படாத. பாத்துக்கிடலாம்." நெருப்புப் பிடித்தாலும் அதைத்தான் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கொண்டைக்கடலை

ஒருநாள் காலை இவர் ஷிப்டுக்குப் போன பிறகு ரேவதி பால் குடிக்க மறுத்தாள். உடம்பு கொதித்தது. ஒரு மாதிரி முனகிக்கொண்டே இருந்தாள். பொற்கொடியைக் கூப்பிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள் முந்தானையை விலக்கினாள்.

மூக்கும் கண்ணும் சேருகிற இடத்தில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு வீக்கம். தோல் மினுமினுவென்று இருந்தது. இமை திறக்கவே இல்லை. என் கறுப்புக் கண்ணாடிக்கு அது எவ்வளவு சிவப்பு என்று தெரியவில்லை. பொற்கொடி முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"யக்கா, இது அது இல்ல. பூ வுந்துடும்க்கா. கெளம்பு, பட்டணம் பூட்லாம்."

பூ விழுவது என்றால் கருவிழியில் வெள்ளையாகப் படர்ந்து பார்வையை மறைத்துவிடுவது. என்ன அழகான பேர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அந்தக் கொடுமைக்கு. பொற்கொடியின் சித்தப்பாவுக்கு ஒரு கண்ணில் பூ உண்டு. அந்தப் பக்கமாக நின்று பேசினால் கழுத்தை முழுக்கத் திருப்பித்தான் நம்மைப் பார்ப்பார். எனக்கு அவர் ஞாபகம் வந்தது. உலகத்தை இன்னும் ஒழுங்காகப் பார்க்கவே ஆரம்பிக்காத பிள்ளை. அதற்குள் ஒரு கண் போய்விடுமா?

இவரிடம் சொல்ல வழியில்லை. தொழிற்சாலைக்குள் போய்விட்டால் சங்கு ஊதுகிறவரை ஆளைப் பார்க்க முடியாது. சேலத்து வீட்டில் விஷயத்தைச் சொல்லி, பொற்கொடியின் பிள்ளைகளையும் அங்கேயே விட்டுவிட்டு ரயில் ஏறினோம்.

பெட்டியில் நல்ல கூட்டம். ஆனாலும் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. குழந்தை முகத்தைப் பார்த்ததும் எதிரில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிறவர்கள் எங்கள் பக்கம் வருவதும், பார்த்துவிட்டு நகர்வதுமாக இருந்தார்கள். பொற்கொடிக்குக் கோபம் வந்தது. அவள் போட்ட அதே சட்டத்தைத்தான் அவர்களும் கடைப்பிடித்தார்கள் என்பதை நான் அப்போது சொல்லவில்லை. சொல்கிற நிலைமையிலும் இல்லை.

அந்த வரிசையும் இந்த வரிசையும்

பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரியில் திருவிழாக் கூட்டம். வாசலில் ஒரு ஆள் நின்று வருகிறவர்களைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். என்ன கண்ணுக்கு என்று கேட்டார். நான் வழக்கம்போல மெட்ராஸ் ஐ என்றேன். அந்த லைன் என்று கையைக் காட்டினார்.

அந்த வரிசை நீளமாக இருந்தது, ஆனால் வேகமாக நகர்ந்தது. எவ்வளவு நல்ல ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்டே நகர்ந்தேன். கிட்டப் போன பிறகுதான் பொற்கொடி எட்டிப் பார்த்தாள். வரிசையின் முடிவில் டாக்டரே இல்லை. ஒரு நர்ஸம்மா கையில் சீசாவோடு நின்று, அண்ணாந்த கண்ணிலெல்லாம் சொட்டுச் சொட்டாக விட்டு, கையில் ஒரு சீசாவையும் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். அவர்மேலும் தப்பில்லை. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த மருந்துதான்.

பொற்கொடி என் முழங்கையைப் பிடித்து வரிசையிலிருந்து இழுத்தாள். திரும்பவும் வாசல் ஆளிடம் போய் நின்றோம். அவர் எரிச்சலோடு, என்ன கண்ணுக்கு என்று மறுபடி கேட்டார். பழக்கதோஷம், நான் வாயைத் திறந்தேன். பொற்கொடி என் கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"இன்னான்னு தெரிலண்ணா. தெரிஞ்சா நாங்க இன்னாத்துக்கு ஆவடிலேந்து இங்க வந்துகினு கீறோம்?" என்றாள்.

அந்த ஆள் தலையைச் சொறிந்தார். தெரியாத நோய்க்கு வேறு வரிசை இருந்தது. அது டாக்டர் அறைக்குப் போனது.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. போன இடத்திலெல்லாம் நானே நோயின் பேரைச் சொல்லியிருக்கிறேன். அவர்களும் அந்தப் பேருக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். கண்ணுக்கு யாரும் கொடுக்கவில்லை. நோயாளியே பேரைச் சொல்லிவிட்டால் டாக்டருக்கு என்னதான் வேலை?

"கண்ணாடியைக் கழட்டுங்க"

அந்த டாக்டரம்மாவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. குள்ளமானவர். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கவில்லை. வாரக்கணக்கில் நான் நேருக்கு நேர் பார்த்த முதல் வெறுங்கண் அவருடையதுதான். உட்கார்ந்ததும் என்னைத்தான் முதலில் கவனித்தார்.

"கண்ணாடியைக் கழட்டுங்க" என்றார். கழற்றினேன். வெளிச்சம் கூசியது.

பிறகு வரிசையாகக் கேட்டார். பிறந்ததிலிருந்தே இந்தக் கண்ணில் தண்ணீர் வழிகிறதா? அழாதபோதும் வழிகிறதா? பீளை மூக்கு ஓரத்திலிருந்து வருகிறதா, வெளி ஓரத்திலிருந்தா? வெள்ளை விழி சிவந்திருந்ததா? ஒவ்வொன்றுக்கும் நான் தெரியலையே, தெரியலையே என்றேன். பெற்றவள் நான். வேறு யாருக்குத் தெரியும்?

"பாக்கலையா?" என்றார்.

"பாக்கக் கூடாதுன்னு சொன்னாங்க டாக்டர்."

பொற்கொடி விட்டத்தை ஆராய்ந்தாள். டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "இப்ப பாருங்க" என்று சொல்லி, அந்தக் கொண்டைக்கடலையின் மேல் விரல் நுனியை வைத்து இலேசாக அழுத்தினார். ரேவதி வீறிட்டாள். கண்ணின் உள் ஓரத்திலிருந்து மஞ்சளாகச் சீழ் வந்தது.

கண்ணிலிருந்து மூக்குக்குக் கண்ணீர் இறங்க ஒரு சின்ன வழி இருக்கிறது என்று விளக்கினார். சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போது அதன் கீழ்ப்பக்கம் திறக்காமல் ஒரு ஜவ்வு மூடியிருக்கும். தண்ணீர் தேங்கும், தேங்கின இடத்தில் கிருமி சேரும், சீழ் பிடிக்கும். இவளுக்கு வந்தது மெட்ராஸ் ஐயே இல்லை. யாருக்கும் ஒட்டாது. பார்த்தாலும் ஒட்டாது, தொட்டாலும் ஒட்டாது.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அத்தனை நாளும் அந்த முந்தானை எதற்கு?

அதோடு முடியவில்லை. கண்ணில் ஒரு மஞ்சள் சாயத்தை விட்டு நீல விளக்கால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கருவிழியின் ஓரத்தில் ஒரு புண் இருக்கிறது என்றார். மருந்தில் ஆறிவிடும். ஆறின பிறகு தழும்பு நிற்கும்.

"பார்வை?" என்றேன்.

"எவ்வளவு மறைக்கும்னு இப்ப சொல்ல முடியாதும்மா. பேசற பிள்ளைன்னா கேக்கலாம். இவகிட்ட எப்படிக் கேக்கறது? முகம் பாத்து ஆளைத் தெரிஞ்சுக்கற வயசு வரட்டும்."

ஆஸ்பத்திரியிலேயே சேர்த்து ஊசி போட்டார்கள். சாயங்காலம் இவர் வேலை உடுப்போடு ஓடி வந்தார். குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பயப்படாத என்று ஆரம்பித்தார். மிச்சத்தைச் சொல்லாமல் குழந்தையின் பாதத்தை எடுத்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் ஒரு வில்லி

வீக்கம் வடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொரு தடவை பால் கொடுப்பதற்கு முன்னாலும் கண்ணின் உள் ஓரத்தில் விரலை வைத்து, நன்றாக அழுத்தி, மூக்கை ஒட்டிக் கீழே இழுக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் ஜவ்வு திறக்கும். திறக்காவிட்டால் கொஞ்சம் வளர்ந்த பிறகு மயக்கம் கொடுத்துக் கம்பி விட்டுத் திறக்க வேண்டும். பாவம் பார்த்து இலேசாகத் தடவினால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று கண்டிப்பாகச் சொன்னார்.

இவர் ஒரு தடவை முயற்சி செய்தார். இரும்போடு மல்லுக்கட்டுகிற விரல், குழந்தை முகத்தருகே போய்த் தொடாமலே திரும்பி வந்தது. என்னால ஆகாது என்று எழுந்து போய்விட்டார். ஆகவே பொற்கொடி கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, நான் அழுத்தினேன். ரேவதி அலறுவாள். அலற அலற அழுத்துவேன்.

மாதங்கள் போயின. பிள்ளைக்குத் தலை நின்றது, குப்புற விழுந்தாள், ஆளைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டாள். அப்பாவைப் பார்த்தால் சிரிப்பு. பொற்கொடியைப் பார்த்தால் சிரிப்பு. தபால்காரரைப் பார்த்தால்கூடச் சிரிப்பு. என்னைப் பார்த்தால் மட்டும் உதடு பிதுங்கும். மடியில் எடுத்துப் போட்டதுமே தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். பசி அடங்கின பிறகுதான் என்னை மன்னிப்பாள்.

"உன்ன பாத்தா அதுக்கு போலீஸ பாத்த மாறி கீதுக்கா" என்று பொற்கொடி சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அவள் போன பிறகு அழுவேன். பெற்ற பிள்ளைக்குப் பிடிக்காத ஒருத்தியாக ஒரு வீட்டுக்குள் இருப்பது எப்படி இருக்கும் என்று யாரிடம் சொல்வது? விட்டுவிடலாம் என்றும் பல தடவை தோன்றியது. விட்டால் கம்பி.

ஒருநாள் காலையில் தூங்கி எழுந்தவளின் இமை ஒட்டாமல் இருந்தது. மறுநாளும் அப்படியே. வழிகிற தண்ணீரும் நின்றுவிட்டது. ஜவ்வு திறந்துவிட்டது. ஆனால் பழக்கத்தை விடப் பயந்து, டாக்டரைப் பார்க்கிறவரை அழுத்திக்கொண்டேதான் இருந்தேன்.

பார்வைதான் தெரியவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கருவிழி ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு கிலுகிலுப்பையை ஆட்டினால் திரும்புவாள். சத்தம் கேட்டுத் திரும்பினாளோ? துணியை ஆட்டினாலும் திரும்புவாள். காற்று பட்டிருக்குமோ? சேலம் தெரிகிறது என்றது. தஞ்சாவூர் சந்தேகம்தான் என்றது. எனக்கு ஒருநாள் தெரிகிற மாதிரி இருந்தது, ஒருநாள் தெரியாத மாதிரி இருந்தது.

மறுபடியும் அதே டாக்டரம்மா, அதே அறை. பொற்கொடியும் வந்திருந்தாள். ஒரு நர்ஸம்மா ரேவதியை மடியில் உட்கார வைத்துக்கொண்டார். டாக்டரம்மா நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிவிட்டு டார்ச் அடித்தார். ரேவதி கண்ணைச் சிமிட்டினாள்.

"வெளிச்சம் தெரியுது. உருவம் தெரியுதான்னுதான் பாக்கணும்" என்றார்.

பொம்மையைச் சத்தமில்லாமல் நீட்டினார். ரேவதி விரலைச் சப்பிக்கொண்டு சும்மா இருந்தாள். பொற்கொடியைப் பேசாமல் எதிரில் வந்து நிற்கச் சொன்னார். பொற்கொடி நின்று, வாயைத் திறக்காமல் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். பிள்ளை சிரிக்கவில்லை. அந்தக் கண் இன்னும் டார்ச் இருந்த பக்கமே இருந்தது. அவ்வளவுதான், போய்விட்டது என்று நினைத்தேன்.

"நீங்க வாங்கம்மா. வளையலைக் கழட்டிடுங்க. பேசக் கூடாது."

வளையலைக் கழற்றிப் பொற்கொடியிடம் கொடுத்தேன். வெறுங்காலோடு சத்தமில்லாமல் நடந்து போய் எதிரில் நின்றேன்.

ரேவதி விரலைச் சப்புவதை நிறுத்தினாள். அந்த இடது கண் என் முகத்தில் வந்து நின்றது. நெற்றி சுருங்கியது. கீழுதடு பிதுங்கியது. நர்ஸம்மாவின் தோளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு ஓவென்று கத்தினாள். கொஞ்சம் திரும்பி, இன்னும் நான் அங்கேயேதான் நிற்கிறேனா என்று பார்த்துவிட்டு, மறுபடியும் கத்தினாள்.

"தெரியுது" என்றார் டாக்டரம்மா. "உங்களை நல்லாவே தெரியுது."

பொற்கொடி மூக்கை உறிஞ்சிக்கொண்டே குழந்தையை வாங்கப் போனாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். இன்னும் கொஞ்ச நேரம் அழட்டும் என்றேன்.